முதல் பாடவேளையில் தூங்கிவிழும் பிள்ளைகள்

சாக்பீஸ் | திங்கள், இரவு 10:52

வடசென்னையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 17 வருடமாக வகுப்பில் தூங்கும் பிள்ளையைக் குற்றவாளியாகத்தான் பார்த்துவந்தேன். எழுப்பி நிற்கவைப்பேன், முகம் கழுவிவரச் சொல்வேன், "தூங்குமூஞ்சி" என்று திட்டுவேன். பள்ளி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொள்ளும், விடிந்தால் விரிக்கும். அந்த மரத்துக்கு இருக்கும் ஒழுங்கு உங்களுக்கு இல்லையா என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

போன வாரம் பத்தாம் வகுப்பில், முதல் பாடவேளையிலேயே, 42 பேரில் ஒன்பது தலைகள் மேசையில் கிடந்தன. அன்றைக்கு ஏனோ திட்டத் தோன்றவில்லை. ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் கேட்டேன். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? உன்னைத் தூங்கவிடாதது எது?

"தண்ணீர் லாரி ராத்திரி ஒரு மணிக்கு வந்தது." "அப்பா வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை பாய் விரிக்க இடமில்லை." "கரண்ட் போனது, கொசு." "மூன்றாவது வீட்டில் சாவு, மேளம்." "தம்பிக்குக் காய்ச்சல், நான்தான் தூக்கிவைத்திருந்தேன்." "போன்." இப்படிப் பல. ஒரு தாளில் மட்டும் "பயம்" என்ற ஒரே சொல் இருந்தது. யாருடைய கையெழுத்து என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகிறாள். தோழிகளோடு பேசுவதில்லை. அம்மா காலை ஐந்து மணிக்கு வீட்டுவேலைக்குக் கிளம்பிவிடுகிறார். நாலரைக்கு எழுந்து, சோறு வடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு, எட்டு மணி சிறப்பு வகுப்புக்கு இவள் வந்தாக வேண்டும். இரவு பன்னிரண்டுக்கு முன் படுப்பதில்லை. மன அழுத்தம் என்கிறார்கள் உடன் வேலைபார்ப்பவர்கள். தூங்காததால் வந்த மன அழுத்தமா, மன அழுத்தத்தால் போன தூக்கமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு வகுப்பாசிரியையால் இதில் என்ன செய்ய முடியும்?

பழைய_பெஞ்சு | திங்கள், இரவு 11:20

டீச்சர், நீங்கள் நல்ல மனசுக்காரர், அதனால் ஏமாறுகிறீர்கள். எங்கள் வீட்டில் ஏழு பேர், ஒரே அறை. சிம்னி விளக்கில் படித்து 1976-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். மன அழுத்தம் என்ற பேச்சே அப்போது கிடையாது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு நோய்ப்பெயர். காரணம் ஒன்றுதான், கைப்பேசி. ஒன்பது மணிக்குப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், பத்து மணிக்குக் குறட்டை கேட்கும்.

சாக்பீஸ் | திங்கள், இரவு 11:34

ஐயா, போன் என்று எழுதியவர்கள் 11 பேர். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பலர் வீட்டில் இருப்பது ஒரே போன். அது பகலில் அப்பாவோடு ஆட்டோவில் போய்விடும், இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும். அதன் பிறகுதான் வகுப்புக் குழுவில் நாங்கள் போட்ட வீட்டுப்பாடத்தைப் பிள்ளை பார்க்க முடியும். பத்து மணிக்கு மேல் போன் பார்க்கிறான் என்று நாம் திட்டுகிற பையன் என் கேள்வித்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பூட்டிவைக்க அலமாரி இருக்கும் வீடுகளும் குறைவு.

ஓபி_சீட்டு | செவ்வாய், காலை 6:15

அரசு மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவர். இரவுப் பணி முடித்துவிட்டு எழுதுகிறேன், ஆகவே நானும் தூங்காதவன்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் கேட்டதற்குப் பதில்: இரண்டும்தான். மனச்சோர்வு வந்தால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாள்கணக்கில் தூக்கம் கெட்டவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உறுதியாகியிருக்கிறது. எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டிருக்காமல் கைக்கு எட்டுகிற முனையைப் பிடித்து இழுக்கலாம். பெரும்பாலும் எட்டுவது தூக்கம்.

வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. உடலைத் தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின், சிறுவயதில் சுரந்ததைவிட இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஒன்பது மணிக்குப் படு என்றால் 15 வயதுப் பிள்ளை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது திமிரால் இல்லை. ஆனால் தேவைப்படும் தூக்கம் அதற்கேற்பக் குறைந்துவிடுவதும் இல்லை. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016-இல் சொன்னது. பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழும் பெண் தினம் பாதித் தூக்கத்தைக் கடன் வைக்கிறாள்.

வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் ஏறக்குறைய 28,000 மாணவர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வு 2015-இல் வந்தது. ஒரு மணி நேரத் தூக்கம் குறையும்போது, நம்பிக்கையிழந்து சோர்ந்திருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 38 சதவீதம் கூடியிருந்தது. இரண்டும் சேர்ந்து நிற்கின்றன என்றுதான் அதிலிருந்து சொல்லலாம், ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் "எத்தனை மணிக்குப் படுத்தாய்" என்று முதலில் கேட்கப் பழகிவிட்டேன். அடுத்த கேள்வி, "எங்கே படுத்தாய்". இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் விஷயம் இருக்கும்.

"பயம்" என்று எழுதிய பெண்ணிடம் மட்டும் தனியாக, அவசரப்படாமல் பேசுங்கள். வகுப்பில் வேண்டாம். வீட்டிலோ தெருவிலோ யாரையாவது கண்டு பயம் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தயங்காமல் பேசுங்கள். அதைத் தூக்கப் பிரச்சினை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9:40

"எங்கே படுத்தாய்" என்ற கேள்வியைச் சென்னையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் பெட்ரோ பெசோனே, கவுதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஷோஃபீல்ட், மேட்டி தோமா ஆகியோர் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கணினியில் தரவு உள்ளிடும் வேலை கொடுத்து, கையில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டி, தூக்கத்தை அளந்தார்கள். எல்லோரும் பெரியவர்கள், பிள்ளைகள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படுக்கையில் கிடந்த நேரம் எட்டு மணி. தூங்கிய நேரம் ஐந்தரை மணி. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் இரண்டரை மணியை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சோம்பேறித்தனம், போன், ஊர்சுற்றல் என்று நாம் சொல்கிற எதுவும் அங்கே பொருந்தாது. அவர்கள் நேரத்தோடு படுத்தவர்கள். இரவில் 30 முறைக்கு மேல் விழிப்புத் தட்டியிருக்கிறது. புழுக்கம், சத்தம், கொசு, வெளிச்சம், பக்கத்தில் புரளும் இன்னோர் உடம்பு.

பிறகு கண்மறைப்பு, காதடைப்பான் போன்ற பொருள்களையும் தூங்குவதற்கான யோசனைகளையும் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத்திறனிலோ மனநிலையிலோ சொல்லும்படியான மாற்றம் வரவில்லை! எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். இன்னொரு குழுவுக்கு வேலையிடத்திலேயே, அமைதியான இடத்தில், பிற்பகலில் அரைமணி நேரம் தூங்க விட்டார்கள். அவர்களுக்குக் கவனம் கூடியது, வேலை வேகம் கூடியது, மனமும் தெளிந்திருந்தது. தூங்கிய அரைமணிக்கு வேலை நடக்கவில்லை என்ற கணக்கும் உண்டு, அதை மறைக்க வேண்டாம்.

எனக்குத் தோன்றுவது இது. உடைந்து உடைந்து கிடைக்கும் இரவுத் தூக்கத்தோடு இன்னொரு அரைமணியை ஒட்டவைப்பதைவிட, நல்ல இடத்தில் முழுசாகக் கிடைத்த அரைமணிக்கு மதிப்பு அதிகமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

எட்டாவது_மாடி | செவ்வாய், மாலை 4:05

இரண்டரை மணி எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன் தம்பி.

நாங்கள் கூவக்கரையில் இருந்தவர்கள். அங்கிருந்து எங்களை எடுத்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் குடிவைத்தார்கள். பழைய பள்ளி 20 கிலோமீட்டருக்கு மேல். மகன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பொதுத்தேர்வு வருடத்தில் பள்ளி மாற்ற மனம் வரவில்லை. ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கு எழுவான். இரவு திரும்பும்போது எட்டு. இலவசப் பாஸ் இருந்தது, பணம் செலவில்லை. அவனுடைய தூக்கம்தான் செலவானது.

வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல் இடம். ஐந்து பேர். விளக்கை அணைத்தால் படிக்க முடியாது, போட்டால் மற்றவர் தூங்க முடியாது. என் வீட்டுக்காரர் வாட்ச்மேன், இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு வந்து படுப்பார். எங்கள் வீட்டில் எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டும் இருப்பார்கள், யாராவது தூங்க முடியாமலும் இருப்பார்கள்.

மகனைவிட மகள்தான் மோசம். புது இடம், தெரியாத ஆட்கள், நடைபாதையில் இரவெல்லாம் பேச்சுச் சத்தம். கதவுக்குப் பக்கத்தில் படுக்க மாட்டாள். யாராவது படியேறினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தாழ்ப்பாளை மூன்று தடவை பார்ப்பாள். காலையில் கேட்டால் தூங்கினேன் என்பாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வருடம் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. அந்த வருடம்தான் கணக்கில் தோற்றாள், அந்த வருடம்தான் கையைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொண்டாள். வயசுக் கோளாறு என்று நினைத்துவிட்டேன். டீச்சர், அந்த "பயம்" எழுதிய பெண்ணை விட்டுவிடாதீர்கள்.

பழைய_பெஞ்சு | செவ்வாய், இரவு 8:30

அம்மா எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பிறகு என் கதையை நானே ஒருமுறை ஓட்டிப்பார்த்தேன்.

ஏழு பேர், ஒரே அறை என்றேன். ஆனால் அந்த அறையில் நாங்கள் தூங்கவில்லை. அம்மாவும் கைக்குழந்தையும்தான் உள்ளே. நாங்கள் திண்ணையில், வெயில் காலத்தில் களத்துமேட்டில். சிம்னி விளக்குக்கு மண்ணெண்ணெய் ஆகிறது என்று அப்பா எட்டரைக்கே ஊதிவிடுவார். அதற்குப் பிறகு ஊரே இருட்டு. கோழி கூவும்போது எழுவோம். கணக்குப் போட்டால் ஒன்பது மணி நேரம் வருகிறது. பள்ளிக்கூடம் நடக்கும் தூரம்.

அதற்காக எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். போன் விஷயத்தில் என் பேரனைப் பார்க்கிறேன். அவனுக்குத் தனி அறை, குளிர்சாதனம், மெத்தை. ஒரு மணிக்கு முன் தூங்குவதில்லை. அவனுக்கு எந்த லாரி வருகிறது?

ஓபி_சீட்டு | செவ்வாய், இரவு 9:10

அவனுக்கும் சிக்கல்தான் ஐயா. ஆனால் உங்கள் பேரனிடம் போனை வாங்கி வைத்தால் தூங்க ஓர் இடம் இருக்கிறது. அம்மாவின் மகளிடம் எதை வாங்கி வைப்பது?

நெறியாளர் | செவ்வாய், இரவு 9:25

நிம்மதியான தூக்கத்துக்கு லேகியம் விற்ற மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நாலாவது வந்தால் ஆளையே நீக்கிவிடுவேன்.

சான்ஹோசே_வாசி | புதன், காலை 7:50

கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2019-இல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார், 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளி 8:30-க்கு முன்னும் நடுநிலைப் பள்ளி 8 மணிக்கு முன்னும் தொடங்கக் கூடாது. கிராமப்புறப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. முதல் பாடவேளைக்கும் முன்னால் விருப்பப்பட்டோருக்கு நடத்தும் வகுப்புக்கும் விலக்கு. எங்கள் பக்கத்துப் போட்டிக்காரப் பெற்றோர் அந்த ஓட்டையில்தான் பிள்ளைகளை நுழைக்கிறார்கள். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சியாட்டிலில் 2016-இல் 7:50-இலிருந்து 8:45-க்கு மாற்றினார்கள். இரண்டு பள்ளிகளில் அளந்த ஆய்வில் பிள்ளைகளின் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. தாமதமாகத் தொடங்கினால் தாமதமாகப் படுப்பார்கள் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். எனக்குப் பிடித்த செய்தி வேறு. வசதியான பிள்ளைகள் படித்த பள்ளியில் வருகைப்பதிவு பெரிதாக மாறவில்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகமாகப் படித்த பள்ளியில், பள்ளிக்கு வராததும் தாமதமாக வருவதும் குறைந்தன. ஒரே மணியைத் தள்ளி அடித்தார்கள், பலன் அந்தப் பக்கம் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது. காரில் கொண்டுவிட ஆள் இருக்கும் பிள்ளை ஏழரைக்கு எழுந்தாலும் வந்துவிடும். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைக்கு அன்றைய நாளே போய்விடும்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 8:30

இதே சாயலில் இந்தியாவில் ஒன்று. நாடு முழுக்க ஒரே கடிகாரம். மேற்கே சூரியன் மறையத் தாமதமாகும், அங்கே பிள்ளைகள் படுப்பதும் தாமதமாகும், பள்ளி மணியோ அதற்கேற்பத் தள்ளிப்போகாது. அதனால் தூக்கம் குறைந்து படிப்பும் அடிபடுகிறது என்று பொருளாதார அறிஞர் மௌலிக் ஜக்னானி காட்டியிருக்கிறார். அடி அதிகம் விழுவது ஏழை வீடுகளில்.

மராட்டியத்தில் 2024 பிப்ரவரியில் ஆணை போட்டார்கள், 9 மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று. நல்ல ஆணை. ஆனால் நாலாம் வகுப்புவரைதான். கடிகாரம் தள்ளிப்போவது அதற்குப் பிந்தைய வயதில் என்பதை யாராவது சொல்லியிருக்கலாம்.

எட்டாவது_மாடி | புதன், மாலை 3:40

பள்ளியைத் தாமதமாகத் திறந்தால் எனக்கு லாபமில்லை. நான் காலையில் வேலைக்குப் போன பிறகு பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும். பள்ளிக்குள் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. எட்டு மணி சிறப்பு வகுப்பை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். அதில் பாடம் நடத்தாமல் தூங்கவிட்டால் சந்தோஷப்படுவேன்.

நாலரை_மணி | புதன், இரவு 11:55

எனக்கு 18 வயது. ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தேன், பெயர் வேண்டாம். நாலரைக்கு மணி அடிக்கும். ஐந்து மணிக்கு மைதானத்தில் புத்தகத்தோடு உட்கார வேண்டும். இரவு பத்தரைக்கு விளக்கணைப்பார்கள், தேர்வு நெருங்கினால் பதினொன்றரை. தூங்கினால் முழங்கால் போட வேண்டும். அப்பா லாரி ஓட்டுநர். அம்மாவின் நகையை அடகுவைத்துத்தான் கட்டணம் கட்டினார்கள். என்னைத் தூங்கவிடாமல் இருக்க என் வீட்டில் கடன் வாங்கிப் பணம் கட்டினார்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு ஜனவரியில் ஒரு மாதம் எனக்கு எந்தப் பாடமும் ஏறவில்லை. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பேன். வீட்டுக்குப் பேச வாரம் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், அதில் அழுதால் அம்மா பயந்துவிடுவார் என்று நன்றாக இருக்கிறேன் என்பேன். செத்துப்போனால் தூங்கலாம் என்றுகூட நினைத்திருக்கிறேன். பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் அந்த நினைப்பு பாதியாகக் குறைந்திருந்தது. முழுசாகப் போகவில்லை. இப்போது கல்லூரியில் இருக்கிறேன், இன்னும் நாலரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது.

ஓபி_சீட்டு | வியாழன், காலை 6:05

தம்பி, எழுதியதற்கு நன்றி. முழுசாகப் போகவில்லை என்ற வரியைத்தான் பிடித்துக்கொள்கிறேன். 14416 என்பது டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், பணம் கிடையாது. நாலரைக்கு விழிப்பு வரும்போதும் பேசலாம். உனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பார்.

மற்றவர்களுக்கு: எல்லோரும் பொங்கலுக்குத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கத்தைச் சரிசெய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

சாக்பீஸ் | அடுத்த வாரம் சனி, மாலை 5:15

தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். உதவி எண்ணுக்குப் பேசினேன், வந்தார்கள். இப்போது அவள் பாட்டி வீட்டில் தங்கிப் பள்ளிக்கு வருகிறாள். இன்னும் அழுகிறாள், ஆனால் நேற்று என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள், ஒளிவிலகலில்.

இரண்டாவது விஷயம். கணக்குப்பிள்ளை எழுதியதையும் அம்மா எழுதியதையும் தலைமையாசிரியரிடம் படித்துக் காட்டினேன். "பள்ளிக்கூடத்தைச் சத்திரமாக்கச் சொல்கிறீர்களா" என்றார். பிறகு மதிய உணவு இடைவேளையில் 20 நிமிடம், ஒரே வகுப்பு, ஒரு மாதம் மட்டும் என்று விட்டார். அதிகாரி யாராவது பார்வையிட வந்தால் தியானம் என்று சொல்ல வேண்டுமாம்.

சத்துணவு முடிந்ததும் சன்னலைச் சாத்துகிறோம். மேசையில் கைவைத்துத் தலை சாய்க்க வேண்டும், தூங்காதவர்கள் பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முதல் நாள் முழுக்கச் சிரிப்பு. மூன்றாம் நாள் இருபது பேருக்கு மேல் தூங்கினார்கள். ஐந்தாம் நாள் மணி அடித்தும் எழாத ஒருவனை எழுப்பப் போனேன். கன்னத்தில் மேசையின் கோடு பதிந்திருந்தது. எழுப்ப மனம் வராமல் அவனைச் சுற்றி நடந்து பாடம் நடத்தினேன். பிற்பகலில் சண்டை குறைந்திருக்கிறது என்று கணித ஆசிரியர் சொல்கிறார். அவர் முதலில் கேலி செய்தவர். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள், பத்து நாளில் ஒன்றும் தெரியாது.

ஒரே தொல்லை, இரண்டு ஃபேனில் ஒன்று சுற்றுவதில்லை. ஒரு பக்கத்துப் பிள்ளைகள் வியர்த்து விழித்துவிடுகிறார்கள்.

பழைய_பெஞ்சு | சனி, மாலை 6:40

கையால் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் கண்டென்சர் போயிருக்கும். சிறிய செலவுதான், யாரிடமும் மனு எழுத வேண்டாம். நான் மின்வாரியத்தில் 31 வருடம் இருந்தவன். எந்த வரிசைக்கு மேலே இருக்கிறது?

சாக்பீஸ் | சனி, மாலை 6:48

கடைசி பெஞ்சுக்கு மேலே, ஐயா.